லூர்தம்மாள் வீட்டு அடித்தண்ணீர்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய வாரத்தில் எங்கள் தெரு முழுக்க ஹார்லிக்ஸ் வாசம் அடித்தது. மேட்டுப்பட்டியில் எங்கள் தெருவுக்கென்று சில வாசங்கள் உண்டு. காலையில் சாக்கடை, மதியம் யார் வீட்டிலாவது கருவாடு, சாயங்காலமானால் முக்குக் கடையில் பிரியாணிக்கு தம் போடுகிற புகை. இதில் ஹார்லிக்ஸ் எங்கிருந்து வந்தது? மாடியில் துணி காயப்போடப் போன நான் அப்படியே மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

ரொம்ப நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. எனக்கும் லூர்தம்மாள் மதினிக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் இடுப்பு உயரம். அவர்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு பெரிய அண்டாவுக்குக் கம்பளி போர்த்தி, மேலே தலையணை வைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான் அவர் மகன் பிராங்க்ளின். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிறவன்கூட அவ்வளவு கவலையாக உட்கார மாட்டான்.

"என்ன மதினி அது?"

"பார்லித் தண்ணி."

"இம்புட்டா?"

"அவனுக்குக் கிட்னியில கல்லு. டாக்டர் குடிக்கச் சொல்லிருக்காரு. ஒனக்கு என்ன இப்ப?"

மதினிக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. அதனால்தான் இப்படி ஒரு மோசமான பொய்யைத் தேர்ந்தெடுத்தார். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைக் குடிக்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கல் இருக்கிறது, மீதிப் பேருக்கு இருக்குமோ என்று சந்தேகம் இருக்கிறது. அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக் கருப்பணன் அண்ணன் சொம்போடு வந்து நின்றுவிட்டார். "லூர்தம்மா, எனக்கும் ஒரு சொம்பு" என்றார். ஊற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இனிப்பாக, கெட்டியாக, சூடாக இருந்ததாம். ராத்திரியே கல் நகர்ந்ததாகச் சொன்னார்.

அது பீர் என்று எனக்கு மறுநாள் தெரிந்துவிட்டது. விடிந்ததும் மதினி தோசை மாவையும் பாலையும் மீன் குழம்புச் சட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து, "அமலா, ஒன் ஃப்ரிட்ஜுல செத்த எடம் குடு" என்றார். அவர்கள் ஃப்ரிட்ஜுக்கு என்ன ஆச்சு என்று போய்ப் பார்த்தேன். தட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு உள்ளே ஒரு பெரிய கேன். மூடியிலிருந்து ஒரு ட்யூப் வந்து தண்ணீர் பாட்டிலுக்குள் இறங்கி, அரை நிமிஷத்துக்கு ஒருதரம் ஒரு குமிழி விட்டது. கிட்னிக் கல்லுக்கான பார்லித் தண்ணீர் குமிழி விடாது.

"தவக்காலத்துல இது என்ன மதினி?"

"எங்கிட்டக் கேக்காத. நான் மாதாகிட்ட மட்டும்தான் பதில் சொல்லுவேன். போலீசு வந்தா அவன் பதில் சொல்லட்டும்."

அந்தப் பயம் நியாயம்தான். நம்ம ஊரில் வீட்டில் பீர் காய்ச்ச யாருக்கும் அனுமதி கிடையாது. மதினி வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ரசம் போட்டுத் தெருவுக்கே பாட்டில் கொடுக்கிறவர்தான். அது கோயில் சம்பந்தப்பட்டதாம், கணக்கில் வராதாம்.

பிராங்க்ளின் ஏன் இந்தக் கூத்தில் இறங்கினான் என்றால், வேறு வழியில்லை. பெங்களூரில் ஒரு பீர் காய்ச்சுகிற இடத்தில் வேலை பார்த்தான். அதை மூடிவிட்டார்கள். வயசு முப்பத்தி நாலு. பொண்டாட்டி சத்யபிரியா ஒட்டன்சத்திரத்துப் பெண், காதலித்துக் கட்டியவள். அவளுடைய அண்ணன் பழனிக்குமார் அங்கே காய்கறி கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். தங்கமான மனுஷன். வேலை போனது தெரிந்ததும் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏனுங்க மாப்ள, எதுக்குங்க கவலை? நம்ம மண்டியில சேரு போட்டு வச்சாச்சுங்க. நீங்க வந்து பில்லுப் போட்டாப் போதும். விடியறதுக்குள்ள தக்காளி லோடு கேரளாவுக்கு ஏறிடும், அப்புறம் நாள் முச்சூடும் ஓய்வுதானுங்க."

அவர் அன்பாகச் சொன்னதுதான் பிராங்க்ளினுக்குத் தாங்க முடியவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம், சேர் போட்டு வைத்தால் என்ன செய்வது?

அப்போதுதான் புதுச்சேரியிலிருந்து ஸ்டான்லி என்று ஒருவர் போன் செய்தார். அங்கே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற ஹோட்டல் வைத்திருக்கிறார். காய்ச்சுகிறவர்கள் அவரிடம் நிற்பதில்லை. ஒரு மாசம் பீர் நன்றாக வரும், அடுத்த மாசம் வாயில் வைக்க முடியாது, யாருக்கும் காரணம் தெரியாது, ஆள் ஓடிவிடுவான். அவருடைய போர் தண்ணீரும் எங்கள் தண்ணீரைப் போலப் பாத்திரத்தில் வெள்ளை படிகிற ஜாதி. அதனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆர்.ஓ. போட்டா பாதித் தண்ணி சாக்கடைக்குப் போகும், என் போர் தாங்காது. உங்க ஊரும் அதே மாதிரித் தண்ணிதானே. கேன் தண்ணி, குழாய்த் தண்ணி எதுவும் கலக்காம, போர் தண்ணியிலேயே வெளிர் நிறத்துல ஒரு பீர் காட்டுங்க. ஈஸ்டர் கழிஞ்ச சனிக்கிழமை கொடைக்கானல் போறேன். போற வழியில வந்து குடிச்சுப் பாக்கறேன். சரியா இருந்தா வேலை உங்களுக்குத்தான்."

இதையெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். நான் என்ன காதைப் பொத்திக்கொண்டா இருக்க முடியும்? சரியாக வந்தால் புதுச்சேரி, வராவிட்டால் திங்கட்கிழமை காலையில் தக்காளி. பழனிக்குமாரும் அதற்குச் சம்மதித்துவிட்டார். "அதுவரைக்கும் சேரு சும்மாவே இருக்கட்டுங்க."

முதல் தடவை காய்ச்சியது வெளியே வந்தபோது நானும் ஒரு மடக்கு குடித்தேன். விஷயம் தெரிய வேண்டாமா? வாழைப்பூ ஆய்ந்த கையை நக்கின மாதிரி ஒரு துவர்ப்பு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"தண்ணிதான் அத்தை" என்றான் பிராங்க்ளின். எங்கள் வீட்டு வெந்நீர்க் கெட்டிலையே வாங்கி உள்ளே காட்டினான். அடியில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. "இதான் ஆல்கலினிட்டிங்கிறது. பார்லிய வெந்நீர்ல ஊறப்போட்டா அதுவா லேசாப் புளிப்புப் பக்கம் போகணும். போனாத்தான் நல்லது மட்டும் இறங்கும். நம்ம தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு அந்தப் புளிப்ப முழுங்கிருது. அப்ப உமியில இருக்கிற துவர்ப்பெல்லாம் இறங்கிருது."

"புளியக் கரைச்சு ஊத்தேன்ப்பா."

"ஆசிட் சொட்டு சொட்டா விடத்தான் போறேன். ஆனா இம்புட்டுச் சுண்ணாம்புக்கு ஆசிட் விட்டா பீர் மோர் மாதிரி ஆயிரும். மொதல்ல சுண்ணாம்ப எடுக்கணும்."

"அம்புட்டுத்தான, கேன் தண்ணி ரெண்டு வாங்கு" என்றார் மதினி உள்ளேயிருந்து.

"அம்மா, கேன் தண்ணி கூடாதுன்னு எத்தனை தடவம்மா சொல்றது?"

"கலந்தது அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்?"

பிராங்க்ளின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனை அந்த மாதிரி உட்கார்ந்த நிலையில்தான் அந்தத் தவக்காலம் முழுக்கப் பார்த்தேன்.

சுண்ணாம்பை எடுக்கிற வேலை கேட்பதற்கு ரொம்ப லேசு. காய்ச்சுவதற்கு முதல்நாள் தண்ணீரை அண்டாவில் ஊற்றி அரைமணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஆறும்போது சுண்ணாம்பு அடியில் மண்டும். மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை மட்டும் ட்யூப் போட்டு நீல ட்ரம்முக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். அடியில் கால்வாசி, பால் மாதிரி நிற்கிறதே, அதை விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது தடவைக்குப் பேகம்பூர் மில்லுக்குப் போய்ப் பார்லியைப் புதிதாக உடைத்து வந்தான். "மாவா அரைக்காம நொய்யா ஒடைக்கச் சொல்றானே, ஒங்க பக்கத்து வீட்டுத் தம்பி கோழிப்பண்ணை வைக்கிறானா?" என்று மில்லுக்கார அப்துல் ஹாதி பாய் என்னிடமே கேட்டார். "கிட்னிக் கல்லு பாய்" என்று சொல்லிவைத்தேன். சாயங்காலம் தண்ணீரைக் கொதிக்கவைத்தான், ஆறவைத்தான், ட்ரம்முக்கு இறக்கினான், சுண்ணாம்பு எவ்வளவு மிச்சம் என்று சொட்டு மருந்து விட்டுச் சோதித்தான். பச்சைத் தண்ணீருக்கு விட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்த சொட்டு, இதற்கு ஏழெட்டிலேயே நிறம் மாறிவிட்டது. அந்தக் கண்ணாடிக் குப்பியைப் பொண்டாட்டிக்குக் காட்டினான், அம்மாவுக்குக் காட்டினான், சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கும் காட்டினான். களைத்துப்போய், அண்டாவில் மிச்சம் நின்றதைக் காலையில் கொட்டிக்கொள்ளலாம் என்று தூங்கப் போய்விட்டான்.

மறுநாள் எட்டு மணிக்கு மேல் எழுந்து வந்து காய்ச்சினான். பேனா மாதிரி ஒரு மீட்டர் வைத்திருக்கிறான், பிஎச் பார்க்கிறது. அதை ஊறுகிற பார்லிக் கூழுக்குள் விட்டான். நம்பர் இறங்கவே இல்லை. ராத்திரி அத்தனை நல்லதாக இருந்த தண்ணீருக்கு இப்போது என்ன கேடு? ஆசிட் விட்டான். இறங்கவில்லை. இன்னும் விட்டான். கடைசியில் ஒருவழியாக இறங்கியபோது ஆசிட் பாட்டிலும் பாதி இறங்கியிருந்தது.

அந்த பீர் வந்தபோது முதல் தடவைத் துவர்ப்பும் இருந்தது, கூடவே புளிப்பும் சேர்ந்துவிட்டது. கருப்பணன் அண்ணன் மட்டும் விவரம் தெரியாமல் ஒரு தம்ளர் குடித்துவிட்டு, "இது போன தடவ குடுத்த மாதிரி இல்லையே தம்பி, ஊசிப்போச்சா?" என்றார்.

பிராங்க்ளின் அன்றைக்கு யாரைத்தான் விட்டுவைத்தான்? பார்லி விற்ற பெங்களூர்க்காரனைப் போனில் கூப்பிட்டுக் கலப்படம் என்றான். அவன் கோபத்தில் இவன் நம்பரையே பிளாக் செய்துவிட்டான். அப்புறம் பேனாவை எடுத்து ஆட்டிப் பார்த்தான்.

"இத யாரு தொட்டது?"

சத்யபிரியா நேர்மையான பெண். நேர்மையானவர்களுக்கு எப்போது வாயை மூடுவதென்று தெரியாது. "நான்தான் ஒருநாள் இட்லி மாவுக்குள்ள விட்டுப் பாத்தேன். எம்புட்டுப் புளிச்சிருக்குன்னு. அப்புறம் கழுவி வச்சிட்டேன்."

அவ்வளவுதான், குற்றவாளி கிடைத்துவிட்டாள். மாவு பட்டுப் பேனா கெட்டுப்போச்சு, பேனா பொய் நம்பர் காட்டிருச்சு, அதை நம்பி ஆசிட்டை ஊத்தினேன், என் வேலை போச்சு என்று அடுக்கிக்கொண்டே போனான். சத்யபிரியா பையை எடுத்து வைத்தாள். வாசல் தாண்டும்போது, "புதுப் பேனா வாங்கி அதோட குடும்பம் நடத்துங்க" என்று மட்டும் சொன்னாள். ஒட்டன்சத்திரம் பஸ் ஏறிவிட்டாள்.

இத்தனை கலவரத்துக்கு நடுவில் அவன் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அன்பாகப் பேசினான். "இந்த வீட்டுல நீ ஒருத்திதாம்மா எனக்கு ஒத்தாசை. அன்னைக்கு நான் சொல்லாமலே அந்த அண்டாவக் கொட்டிக் கழுவிக் கவுத்து வச்சியே."

மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

மூன்றாவது தடவைதான் கடைசி. பீர் பக்குவமாக இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், ஸ்டான்லி வருகிற சனிக்கிழமைக்கு அதற்கு மேல் நாள் இல்லை. புதுப் பேனா வந்துவிட்டது. போர் வேறு காற்று வாங்க ஆரம்பித்திருந்தது. மோட்டாரைப் போட்டால் பத்து நிமிஷம் தண்ணீர், அப்புறம் இருமல். குழாயில் நல்ல தண்ணீர் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. முதல்நாளே பிராங்க்ளின் எப்படியோ தண்ணீர் பிடித்து, கொதிக்கவைத்து, இறக்கி, சோதித்து, பழையபடி தூங்கப் போனான்.

விடிகாலையில் மாவு எடுக்க மதினி வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. நானே சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்வாசலுக்குப் போனேன். நீல ட்ரம்மின் மூடி கீழே கிடந்தது. வாயில் ஒரு வேட்டியை நாலாக மடித்துக் கட்டியிருந்தது. மதினி செம்பை வைத்து அண்டாவின் அடியில் நின்ற பால் தண்ணீரை மோந்துகொண்டிருந்தார். முதல் செம்பு வேட்டிக்கு நேராக வந்துவிட்டது.

"என்ன பண்றீக மதினி?"

"மெதுவாப் பேசு. அவன் எந்திரிச்சா இதக் கீழ ஊத்திருவான்."

நான் போய் அவர் கையைப் பிடித்தேன். "ஊத்தணும்னுதான மதினி அவன் சொன்னான்."

"அடியே, கால் அண்டாத் தண்ணிடீ இது. போரு இருமுது, குழாயக் காணோம். அம்புட்டையும் சாக்கடையில விடச் சொல்றியா? அவனுக்கென்ன, பெங்களூர்ல படிச்சவன். துணியக் கட்டி வடிச்சு ஊத்துறேன். போன தடவையும் இப்படித்தான் காப்பாத்துனேன்."

காப்பாத்துனேன் என்றார்.

"மதினி, அந்தத் தண்ணியில இருக்கிறதுதான் அவன் கொதிக்கவச்சு எடுத்த சுண்ணாம்பு."

"அதுக்குத்தான் துணி கட்டிருக்கேன்ல."

"வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பத் தண்ணியில கரைச்சுத் துணியில ஊத்துங்க. துணியிலயா நிக்கும்?"

மதினி செம்பைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், ட்ரம்மைப் பார்த்தார். பிறகு துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அந்தப் பேனா?"

"பேனா நல்ல பேனாதான் போல."

"அப்ப சத்யா..."

சொல்ல என்ன இருக்கிறது?

மதினி எழுந்து வேட்டியை அவிழ்த்தார், ட்ரம்மை மூடினார். அண்டாத் தண்ணீரைக் கொட்ட அப்போதும் மனசு வரவில்லை. செம்பு செம்பாக மோந்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். செடியின் பாத்தி ரொம்பி வழிந்ததும் மிச்சத்தை வைத்து வாசல்படியைக் கழுவினார். கடைசிச் செம்பை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம் பண்ணு. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"மதினி, அவன்கிட்டயாவது சொல்லுங்க. அந்தப் பொண்ணு பாவம்."

"சொல்லுவேன். ஈஸ்டர் போகட்டும். இப்பச் சொன்னா அவன் என்னையும் பஸ் ஏத்திருவான். நீ சத்தியம் பண்ணு."

பண்ணினேன். என்னைப் போய் இந்த மாதிரி ஒரு இக்கட்டில் மாட்டிவிட்டால் நான் என்ன ஆவேன் என்று அந்த அம்மா ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்திருக்கலாம். புனித வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்த சகாயசெல்வி, "ஏன்க்கா ஒரு மாதிரி இருக்கீக, ஒடம்புக்கா?" என்றாள். வாயைத் திறந்தால் விழுந்துவிடும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் அதைத் தவக்காலப் பக்தி என்று நினைத்துக்கொண்டாள்.

நான் சத்தியம் பண்ணிய அன்றைக்கே காலையில் பிராங்க்ளின் காய்ச்சியபோது பேனா நம்பர் சொன்ன இடத்தில் போய் நின்றது. ஆசிட் ஒரு சில சொட்டுதான். மூன்று தடவை கழுவிக் கழுவிப் பார்த்தான். "அம்மா, இத நீ எதும் தொட்டியா?"

"நான் எதையும் தொடல" என்றார் மதினி. அந்த அண்டா வந்த நாளிலிருந்து அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

பிராங்க்ளின் இதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தான் தெரியுமா? புதுப் பேனா சரியாகக் காட்டுகிறது, ஆகவே பழைய பேனா கெட்டதுதான், ஆகவே இட்லி மாவுதான். அதைப் போன் போட்டுப் பொண்டாட்டியிடம் வேறு சொன்னான். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று அவன் பேசுவது சுவர் தாண்டிக் கேட்டது. நான் சமையலறைக்குள் போய் மிக்ஸியைப் போட்டுவிட்டேன். அதற்குள் அரைக்க ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை வந்தது. ஸ்டான்லி, முடி கொட்டிய, அமைதியான ஆள், டிரைவரை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பழனிக்குமார் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முடிவு எப்படியானாலும் மாப்பிள்ளையிடம் கையோடு பேசிவிட்டுப் போகலாம் என்று. சத்யபிரியா கதவோரம் நாற்காலி போட்டு, புருஷனைப் பார்க்காத திசையில் உட்கார்ந்திருந்தாள். நான் கை முறுக்கு ஒரு தட்டில் எடுத்துப் போனேன். வெறுங்கையோடு போனால் ஏன் வந்தாய் என்று யாராவது கேட்பார்கள்.

மூன்று தடவை காய்ச்சியதிலும் ஒவ்வொரு பாட்டில் வைத்திருந்தான் பிராங்க்ளின். ஸ்டான்லி மூன்றாவதை முதலில் குடித்தார். இன்னொரு தடவை குடித்தார். "நல்லா இருக்கு. கசப்புக்குப் போடுற ஹாப்ஸ் மட்டும் ஒரு பிடி குறைக்கணும்" என்றார். பிராங்க்ளின் முகத்தில் ரத்தம் ஓடியதைப் பார்த்தேன். பழனிக்குமார்கூடச் சிரித்துவிட்டார்.

அப்புறம் ஸ்டான்லி முதலாவதைக் குடித்தார். "இது பச்சைத் தண்ணி." இரண்டாவதை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"இது?"

"இதுக்கும் மூணாவதுக்கும் ஒரே முறைதான் சார். கொதிக்கவச்சு, தெளியவச்சு எடுத்த தண்ணி. அன்னைக்குப் பேனா கெட்டிருந்துச்சு. தப்பான நம்பர நம்பி ஆசிட்டக் கூடுதலா விட்டுட்டேன்."

சத்யபிரியா மூச்சை இழுத்து விட்டாள்.

ஸ்டான்லி கிளாசைக் கீழே வைத்தார். "பேனா மட்டும் தப்புன்னா புளிப்பு மட்டும்தானே இருக்கணும். இதுல துவர்ப்பும் இருக்கே தம்பி. அன்னைக்குத் தண்ணியில சுண்ணாம்பு இருந்திருக்கு. சோதிச்சீங்கன்னு சொல்றீங்க. அப்ப எங்கேருந்து வந்துச்சு?"

பிராங்க்ளின் இரண்டாவது பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்க இடத்துலயும் இதேதான். ஒரு மாசம் உங்க மூணாவது மாதிரி, ஒரு மாசம் இந்த ரெண்டாவது மாதிரி. நல்ல பீர் காய்ச்சத் தெரிஞ்சவங்க வந்துட்டுப் போயாச்சு. இது ஏன் ஆச்சுன்னு சொல்லத் தெரிஞ்சவர்தான் எனக்கு வேணும். அடுத்த தடவை ரெண்டாவது வராதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாது சார்" என்றான் பிராங்க்ளின். அவனும் ஒருவிதத்தில் நேர்மையானவன்தான், அதற்குத்தான் பொருத்தமாகக் கட்டியிருக்கிறான்.

ஸ்டான்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பழனிக்குமார் தொண்டையைக் கனைத்தார். "பரவால்லீங்க மாப்ள. சேரு இருக்குதுங்க."

நான் மதினியைப் பார்த்தேன். அவர் சமையலறை வாசலில் நின்று முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். என் வாய்க்குள் ஒரு முறுக்கு இருந்தது. அதைக் கடிக்காமல் அப்படியே வைத்திருந்தேன். கடித்தால் அது மட்டும் வெளியே வராது, மாதா மேல் வைத்த சத்தியமும் சேர்ந்து வந்துவிடும். ஸ்டான்லி எழுந்து சட்டையை இழுத்துவிட்டார்.

"நான்தான் திருப்பி ஊத்துனேன்" என்றார் மதினி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அடியில நின்ன தண்ணிய. விடிகாலையில, அவன் தூங்கையில. வேட்டியில வடிச்சுத்தான் ஊத்துனேன், சும்மா ஊத்தல. மூணாவது தடவை ஊத்தல, இந்த அமலா கையப் பிடிச்சிட்டா. அந்தப் பேனாவுக்கு ஒண்ணும் இல்ல. எம் மருமகளுக்கும் ஒண்ணும் இல்ல. அம்புட்டுத்தான். இப்ப அதுக்கு என்ன?"



"நான் தேங்க்ஸ் வேற சொன்னேன்" என்றான் பிராங்க்ளின். குரல் எங்கோ கிணற்றிலிருந்து வந்தது. "அண்டாவக் கழுவி வச்சதுக்குத் தேங்க்ஸ் சொன்னேன். ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா?"

"நீ கேட்டியா?"

"தண்ணியத் திருப்பி ஊத்துனியான்னு யாரும்மா கேப்பா?"

சத்யபிரியா நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் புருஷனிடம். "உள்ள போய் அந்தப் பழைய பேனாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க."

ஸ்டான்லி திரும்ப உட்கார்ந்துவிட்டார். மதினியைத்தான் பார்த்தார். "ஏம்மா அதைத் திருப்பி ஊத்தினீங்க?"

"தண்ணிய வேற என்ன பண்றது?"

ஸ்டான்லி முறுக்கு ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "எங்க இடத்துல காலையில டேங்க் கழுவுறது ஒரு அம்மா" என்றார் மெதுவாக. "ரொம்ப வருஷமா இருக்காங்க. அடியில நிக்கிற தண்ணிய என்ன பண்றாங்கன்னு நானும் கேட்டதில்லை, வந்த எவனும் கேட்டதில்லை." முறுக்கை இரண்டாக உடைத்தார். "தம்பி, திங்கட்கிழமை வந்துடுங்க. வந்ததும் முதல் வேலையா அந்த அம்மாவைக் கேளுங்க. மரியாதையாக் கேளுங்க."

பழனிக்குமார் எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். வாசலில் செருப்பைப் போடும்போது, "அப்ப அந்தச் சேருக்கு வேற ஆளு பாக்கோணுமுங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சத்தியம் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு நான் எவ்வளவு ஆசையோடு கிளம்பினேன் என்று உங்களுக்குச் சொல்லி மாளாது. யாரிடம் முதலில், எந்த இடத்தில் நிறுத்தி, எங்கே குரலைத் தாழ்த்தி என்று நடந்துபோகும்போதே எல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டேன். பூசை முடிந்து வெளியே வந்தால், மாதா சிலை இருக்கிற கெபிக்குப் பக்கத்தில் மதினி நடுவில் நிற்கிறார், சுற்றிப் பத்துப் பேர். "நான் மட்டும் அன்னைக்கு அந்தத் தண்ணியத் திருப்பி ஊத்தலேன்னா, இவனுக்கு ஏது வேலை?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சகாயசெல்வி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "ஏன்க்கா, இதெல்லாம் ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

பிராங்க்ளினும் சத்யாவும் புதுச்சேரி போய்விட்டார்கள். தெருவில் பழையபடி சாக்கடை, கருவாடு, பிரியாணி. கருப்பணன் அண்ணன் மட்டும் அவ்வப்போது சொம்போடு வந்து நிற்கிறார். மதினி நிஜமாகவே பார்லியை வாங்கிக் காய்ச்சிக் கொடுக்கிறார், முன்னது போல இல்லை என்று அவர் குறைபட்டுக்கொண்டே குடிக்கிறார். மதினியின் ஃப்ரிட்ஜ் காலியாகிவிட்டதால் மாவுச் சட்டி என் வீட்டுக்கு வருவதில்லை. நான்தான் எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நேற்று மாடியிலிருந்து பார்த்தேன். மகன் சொல்லிவிட்டுப் போனபடி குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தெளிந்ததைக் குடத்துக்கு இறக்கினார். பிறகு குடத்தின் வாயில் அதே வேட்டியைக் கட்டினார். செம்பை எடுத்து அடியில் நின்றதை மோந்தார்.

"மதினி" என்றேன்.

அண்ணாந்து பார்த்தார். "என்ன? இது பீருக்கு இல்லையே, குடிக்கத்தான."